சுவரைக் கழுவுமுன் ஒரு மனு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது, எர்ணாவூர் பக்கத்து வீடுகளில் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து மழைநீரோடு வந்த எண்ணெய் அது. எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியதால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கைக் கையிலெடுத்தது.

இப்படி நடக்கும் இடங்களில் ஜனங்கள் செய்வது ஒன்றுதான். சோப்புத்தூளைப் போட்டுச் சுவரைத் தேய்ப்பார்கள், நனைந்த பாயைத் தெருவில் வீசுவார்கள், பிறகு நிவாரண வரிசையில் நிற்பார்கள். மிக்ஜாமுக்கு அரசு தந்த 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் மட்டுமே. ரசாயனத்தால் வந்த சேதத்துக்கான இழப்பீடு அதில் சேராது. அதைக் கேட்கத் தேவையான சாட்சியமோ அதற்குள் சாக்கடையில் போயிருக்கும்.

திருமழிசைக்காரர்கள் இதை மணலிக் கதை என்று தள்ளிவிட முடியாது. ஊரிலேயே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியும் பக்கத்தில்தான். 2020-இல் கோயம்பேட்டிலிருந்து இங்கே மாற்றிய தற்காலிகச் சந்தை மழையில் எப்படிச் சேறானது என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது: ஆலையின் வாசலைப் பார்ப்பது. கையாளும் அபாயப் பொருட்கள், வெளியேறும் கழிவு பற்றிய விவரப் பலகையை வாசலில் வைக்க வேண்டும் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பலகை இல்லையென்றால் படம் எடுத்துக்கொள்ளலாம். அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் குவித்துவைக்கவும் 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அந்த ஆலையின் இசைவாணை நகலைக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும். ஆடியிலேயே எழுதிவிட்டால் ஐப்பசிக்குள் கையில் இருக்கும்.

வெள்ளத்தில் மிதந்து வரும் நீல டிரம்மைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குள் தூக்கி வரவே கூடாது. அதில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டுக்குள் வந்த வெள்ளத் தண்ணீர் நாறினாலோ நிறம் மாறியிருந்தாலோ, கழுவுவதற்கு முன் கதவு எண் தெரியும்படி படமெடுக்க வேண்டும். கறை எத்தனை அடி உயரம் என்று அளந்து எழுதிவைக்க வேண்டும். தோல் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று மருத்துவமனைக்குப் போனால், எந்தத் தண்ணீரில் நின்றோம் என்பதை மருத்துவரிடம் சொல்லி ஓ.பி. சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஆடு மாடு செத்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும்.

அடுத்தது மனு. பெறுநர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். நகல், பூந்தமல்லி வட்டாட்சியருக்கும் திருவள்ளூர் ஆட்சியருக்கும். “நேரில் வந்து மாதிரி எடுத்து, ஆய்வறிக்கையின் நகல் தர வேண்டும்” என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் பாட்டிலில் பிடித்துவைத்த தண்ணீர் துணைக்குத்தான் உதவும். 1974 தண்ணீர்ச் சட்டப்படி அலுவலர் எடுக்கும் மாதிரிக்கே சட்ட மதிப்பு. வருவாய்த் துறை வாரியத்தைக் காட்டும், வாரியம் உள்ளாட்சியைக் காட்டும். அந்தப் பந்தாட்டத்தில் மாட்டாமலிருக்கத்தான் மூவருக்கும் ஒரே நாளில் மனு. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குப் போன் செய்ததும் வாட்ஸ்அப்பில் படம் போட்டதும் மனு ஆகாது. ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு இரண்டு வழி உண்டு. 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம்; ஆலையின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இது பொருந்தாது, அவருக்கு இ.எஸ்.ஐ. போன்ற தனி வழிகள் உண்டு. மற்றது பசுமைத் தீர்ப்பாயம். அங்கும் இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. ஆனால் ‘மாசை நிறுத்து’ என்று கேட்கும் வழக்குக்கு ஆறே மாதம். பொங்கல் போகட்டும், தேர்தல் போகட்டும் என்று தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதம் கரைந்துவிடும்.

படம், ஓ.பி. சீட்டு, ஒப்புகைச் சீட்டு மூன்றையும் ரேஷன் அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டு, வெள்ளம் எட்டாத பரண்மேல் வைக்க வேண்டும்.