ஏழு பேருக்காக ஆடிய பெண்கள்

ஜப்பான் நாட்டின் தலைநகரம் டோக்கியோ. அங்கே அகிஹபாரா என்று ஒரு கடைவீதி. ரேடியோப் பெட்டி முதல் பொம்மை வரை எல்லாம் கிடைக்கும். அந்த வீதியில் உள்ள ஒரு பெரிய கடையின் எட்டாவது மாடியில் சின்னஞ்சிறு கொட்டகை ஒன்று இருக்கிறது. உட்கார்ந்தும் நின்றும் சுமார் 250 பேர் பார்க்கலாம்.

2005-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி 20 இளம் பெண்கள் அந்த மேடையில் ஆடிப் பாடினார்கள். காசு கொடுத்து வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே ஏழு பேர்!

குழுவின் பெயர் ஏ.கே.பி.48. 2011-ம் ஆண்டு முதல் பல ஆண்டுகள், அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு பாட்டின் இசைத்தட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. இது எப்படி நடந்தது?

பக்கத்து வீட்டுப் பெண்

இத்தகைய பாடகிகளை ஜப்பானியர் "ஐடல்" என்கிறார்கள். விக்கிரகம் என்று பொருள். 1964-ம் ஆண்டு அங்கே திரையிடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் படத்தின் வழியாகப் பரவிய சொல் அது.

விக்கிரகம் என்றால் தள்ளி நின்றுதானே கும்பிட வேண்டும்? குழுவை அமைத்த யசுஷி அகிமோட்டோ அதை மாற்றினார். "நேரில் போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்" என்றார். இவர் பாடலாசிரியர், கெட்டிக்காரர். மக்களின் மனம் அறிந்தவர்.

இந்தப் பெண்கள் எல்லாரும் சங்கீத மேதைகள் அல்ல. குரல் பிசிறும். ஆட்டத்தில் கால் பிந்தும். ரகசியமே அதில்தான் இருக்கிறது! பக்கத்து வீட்டுச் சிறுமி பள்ளி விழாவில் ஆடினால் தெருவே போய்ப் பார்க்காதா? போன மாதம் தடுமாறியவள் இந்த மாதம் நன்றாக ஆடினால், பார்த்தவருக்குத் தாமே சொல்லிக் கொடுத்ததுபோல் ஒரு பெருமிதம்.

இதற்கு முன்பே 1997-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. டெலிவிஷனில் பாடகி தேர்வு. அதில் தோற்றுப்போன ஐந்து பெண்களைக் கூப்பிட்டு, "ஐந்து நாளில் 50 ஆயிரம் இசைத்தட்டுகளை உங்கள் கையால் விற்றுவிட்டால் வாய்ப்பு உண்டு" என்றார்கள். ஊர் ஊராகப் போனார்கள். விற்றுத் தீர்த்தார்கள்! அப்படிப் பிறந்ததுதான் "மார்னிங் முசுமே" குழு. ஜெயித்தவளைவிடத் தோற்றவர்கள் மீதே ஜனங்களுக்குப் பாசம் பொங்கியது.

தட்டுக்கு ஓர் ஓட்டு

பாசம் இருக்கட்டும். பணம் எப்படி வந்தது?

ஏ.கே.பி. இசைத்தட்டின் உள்ளே அப்போது ஒரு சீட்டு இருந்தது. அதைக் காட்டி விருப்பமான பாடகியுடன் கை குலுக்க முடிந்தது. சில விநாடிகள்தான். "நேரமாகிவிட்டது" என்று காவலர் நகர்த்திவிடுவார். இன்னும் சில விநாடி வேண்டுமா? இன்னொரு தட்டு வாங்க வேண்டியிருந்தது.

2009 முதல் 2018 வரை ஆண்டுதோறும் தேர்தலும் நடந்தது. அடுத்த பாட்டில் முன்வரிசையில் நிற்பவர் யார் என்பதை ரசிகர்களே முடிவு செய்தார்கள். ஓட்டுச் சீட்டும் தட்டுக்குள்தான். ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற கணக்கு இல்லை. தட்டுக்கு ஓர் ஓட்டு! நூற்றுக்கணக்கில் வாங்கியவர்கள் உண்டு. ஒரே பாட்டை எத்தனை முறை கேட்பது? 2011-ம் ஆண்டு முதலிடம் பெற்ற அட்சுகோ மாயேதாவுக்கு விழுந்தவை 1,39,892 ஓட்டுகள்.

அன்பின் மறுபக்கம்

ரசிகர்களின் நெருக்கம் எப்போதும் இனிக்கவில்லை. 2014-ம் ஆண்டு மே மாதம், கை குலுக்கும் நிகழ்ச்சியில் ஒருவன் ரம்பத்தால் தாக்கினான். இரண்டு பெண்களும் ஓர் ஊழியரும் காயமடைந்தார்கள். அதன் பிறகு சோதனை செய்துதான் ஆட்களை உள்ளே விட்டார்கள்.

காதலுக்கும் தடை இருந்தது. ரசிகரின் ஐடல் இன்னொருவருக்குச் சொந்தமாகிவிடக் கூடாதாம்! மினாமி மினேகிஷி என்பவர் ஓர் இளைஞர் வீட்டில் இரவு தங்கியதாக 2013-ம் ஆண்டு ஒரு வார இதழ் எழுதியது. அவருக்கு வயது 20. தலையை மொட்டை அடித்துக்கொண்டு, கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தப் படக்காட்சி உலகமெங்கும் பரவியது. "இதற்கா இத்தனை தண்டனை?" என்று பலர் கொதித்தார்கள். கேட்டது நியாயந்தான்.

ஆனால் அதே ஆண்டுத் தேர்தலில் வென்றவர் யார்? ரினோ சஷிஹரா. முந்தின ஆண்டு காதல் செய்தியில் சிக்கி, ஃபுகுவோகாவில் உள்ள கிளைக் குழுவுக்கு மாற்றப்பட்டவர்! சட்டம் போட்டவர்களைவிட ரசிகர்களின் மனம் பெரிதாக இருந்தது.

நீதிமன்றத்துக்கும் இந்தத் தகராறு போனது. காதலித்த ஒரு பாடகி 6½ லட்சம் யென் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2015-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டே, வேறொரு பாடகியின் வழக்கில் அதே நீதிமன்றம், காதல் ஒருவரின் சுதந்திரம் என்று சொல்லி நஷ்டஈட்டை மறுத்தது.

மொட்டை அடித்துக்கொண்ட மினேகிஷி குழுவை விட்டு ஓடவில்லை. முடி வளரும் வரை தொப்பியும் விக்கும் கைகொடுத்தன. 2021-ம் ஆண்டுதான் விடைபெற்றார். ஏழு பேர் முன்னால் ஆடிய அந்த முதல் அணியில் கடைசியாக வெளியேறியவர் அவரே. அடுத்த ஆண்டு அவருக்குத் திருமணமும் நடந்தது.