கடைசி எண்ணைப் பாருங்கள்

மாதிரி ராக்கெட் மோட்டார்களில் சி6-3, சி6-5, சி6-7 என்று மூன்றைக் குறிப்பிட்டு, “ஏழுக்குத்தானே வலு அதிகம்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். மூன்றுக்கும் ஒரே வலுதான்.

எழுத்து மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது; அதாவது எரிந்து முடியும்வரை மோட்டார் தரும் மொத்த உந்துதலை. ஏ என்றால் 2.5 நியூட்டன்-வினாடி வரை, பி 5 வரை, சி 10 வரை. எழுத்துக்கு எழுத்து உச்சவரம்பு இரட்டிக்கும். அடுத்த எண் உந்துவிசை, நியூட்டனில். அதுவும் சராசரிதான். எஸ்டெஸ் நிறுவனத்தின் சி6, பற்றியவுடன் 14 நியூட்டன் வரை எகிறி, பிறகு 5க்குப் பக்கத்தில் இறங்கி நிதானமாக எரியும். அந்த முதல் எகிறல்தான் ராக்கெட்டை ஏவுகம்பியை விட்டு நேராகக் கிளப்புகிறது.

எனக்குப் பிடித்தது கடைசி எண். அதற்கும் வலுவுக்கும் சம்பந்தமே இல்லை. சி6 இரண்டு வினாடிக்குள் எரிந்து தீர்ந்துவிடும்; ராக்கெட் நிற்காது. வேகமாக மிதித்துவந்து மேட்டில் காலை எடுத்துவிட்டாலும் என் சைக்கிள் பாதி மேடு ஏறிவிடுமே, அப்படி. அந்த நேரத்தில் மோட்டாருக்குள் தாமதக் கலவை புகையை மட்டும் கக்கியபடி எரிகிறது. 5 என்றால் சுமார் 5 வினாடி. அது தீர்ந்ததும் மேலேயுள்ள துளி வெடிமருந்து பற்றி, மூக்குக் கூம்பைத் தள்ளி, பாராசூட்டை வெளியே வீசும்.

ராக்கெட் உச்சியில் தயங்கும் நேரத்தில் இது நடக்க வேண்டும். முந்தினால், வேகத்தில் விரியும் பாராசூட் வெடுக்கென்று இழுத்து, அதன் கயிறு அட்டைக்குழாயை நீளவாக்கில் கிழித்துவிடும். பிந்தினால் ராக்கெட் தலைகுப்புற வந்து மண்ணில் குத்தும். கனமான ராக்கெட் சீக்கிரம் உச்சியைத் தொடும்; அதற்கு 3. லேசானதற்கு 7. அடுக்கு ராக்கெட்டின் கீழ் மோட்டாருக்கு 0. தாமதமின்றி மேல் மோட்டாரைப் பற்றவைத்துவிடும்.

ஸ்புட்னிக் பறந்த காலத்தில் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டிலேயே மருந்து கெட்டித்து விரல்களை இழந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலின் மோட்டாரும், 1958இல் நிறுவனம் தொடங்கிய வெர்ன் எஸ்டெஸின் இயந்திர உற்பத்தியும் அந்த ஆபத்துக்கு மாற்றாக அமைந்தவை. ஆனாலும் அதிக வலு தரும் எழுத்தின் மேல் உள்ள ஆசை இன்னும் குறையவில்லை. சி பறந்ததும் டி கேட்கிறார்கள். ராக்கெட்டின் எடையைக் கேட்டால் விழிக்கிறார்கள். முதலில் அதைத் தராசில் வையுங்கள். எழுத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.