துருப் பிடித்த கோப்பி



வியாபார அலுவலாகக் கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணத்து இளம் கடை முதலாளிமார் பலருக்கு, வேலை முடிந்த கையோடு ஒரு கோப்பிக் கடை ஏறி இறங்குவதும் வழக்கமாகிவிட்டது. அங்கே விலைப்பட்டியலில் முதலில் நிற்பது எஸ்பிரெஸ்ஸோ. பொடியாக அரைத்த தூளினூடே ஏறக்குறைய 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்தில் இறக்கும் சாறு அது. நுரைத்த பால் சேர்ந்தால் கப்புச்சினோ. கப்புச்சின் துறவிகளின் அங்கி நிறத்தால் வந்த பெயர்.

தேயிலைக்கு முன் இலங்கையே கோப்பிக்குப் பேர்போன நாடு. 1869இல், இலையின் அடிப்பக்கம் செம்மஞ்சள் தூளாய்ப் படர்ந்த துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளில் மலையகக் கோப்பித் தோட்டங்கள் படுத்துவிட்டன. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

யாழ்ப்பாணத்து அடுப்படியை விட்டோ கோப்பி போகவில்லை. கொட்டையோடு மல்லி, வேர்க்கொம்பு, மிளகு வறுத்து இடித்த தூள், கொதிதண்ணி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. தடிமனுக்கு அதுதான் முதல் மருந்து.

கொழும்பு ரயிலால் இறங்கி வீடு வரும் முதலாளியிடம் அம்மா கேட்பது ஒன்றுதான்:

“தம்பி, தேத்தண்ணியோ, கோப்பியோ?”