தொடுதிரைத் தொலைபேசி வாங்குவோர்க்கு ஒரு சொல்



ஒரு குடும்பம் ஒரு பொருளை வாங்குவது சிறிய காரியந்தான். ஆயினும், அப்பொருளின் விலை அக்குடும்பத்தாரின் பல மாத உழைப்புக்கு ஈடாகுமெனின், அதனைச் சிறிய காரியம் என்று தள்ளிவிட முடியாது. தொடுதிரைக் கைத்தொலைபேசி அத்தகைய பொருளாகிவிட்டது.

சில மாதங்களுக்கு முன்னர், பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருவர் என்னைக் காண வந்தார். அவருடைய மகன் உயர்தர வகுப்பு மாணவன். “சேர், தம்பி ஐபோன்தான் வேணுமென்று நிற்கிறான். காதுத்தோட்டை அடகு வைக்கவா, தவணைக்கு எடுக்கவா?” என்று கேட்டார். இரண்டில் எது என்பதே அவர் கேள்வி. வாங்காமல் விடலாம் என்பது அவர் நினைவில் இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே வகுப்பறையாயிற்று. அப்போது கருவி இல்லாத பிள்ளை பின்தங்கியதை நம் தாய்மார் மறக்கவில்லை. ஆகவே, கருவி வேண்டுமா என்பது இன்று கேள்வியன்று. எத்தகைய கருவி வேண்டும் என்பதே கேள்வி.

முதலில் தொடுதிரையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். விரலால் தொட்டு இயக்கும் திரையைப் பற்றி இங்கிலாந்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் என்பவர் 1965இலேயே எழுதினார். 1994இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘சைமன்’ என்னும் தொடுதிரைத் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. எனினும், உலகமெங்கும் இவ்வகையைப் பரப்பியது 2007 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஐபோனே. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 499 டொலர். அவ்விலை கொடுக்க இயலாதவர்களை நோக்கி, 2008இல் நோக்கியா 5800, எல்.ஜி. கே.பி. 500 முதலிய மலிவான தொடுதிரைத் தொலைபேசிகள் புறப்பட்டன.

அக்காலத்தில் மலிவுக்கும் உயர்வுக்கும் உரிய வேறுபாடு தொடுகையிலேயே இருந்தது. மலிவானவற்றில் மெல்லிய இரு படலங்கள் சிறு இடைவெளியுடன் அமைந்திருக்கும். விரலோ நகமோ குச்சியோ அழுத்தும்போது, அவை ஒன்றையொன்று தொட்டு, அழுத்திய இடத்தைக் கருவிக்கு உணர்த்தும். ஐபோனின் கண்ணாடியோ அழுத்தத்தை எதிர்பார்ப்பதன்று. மனித உடல் மின்னைக் கடத்தவல்லது. விரல் அணுகும்போது கண்ணாடியின் மீதுள்ள நுண்ணிய மின்புலம் மாறுபடும். அம்மாறுதலையே கருவி உணரும். ஆகையால் மெல்லத் தீண்டினாலே போதும். மழைத்துளி விழுந்த திரை தடுமாறுவதும், ஈரக்கையால் தொட்டால் எழுத்து மாறி விழுவதும் இக்காரணத்தினாலேயே. மழை ஓயாத நம் பள்ளத்தாக்குகளில் இதனை அறியாதார் இலர்.

இன்றைய நிலை என்ன? சந்தையிலுள்ள மலிவான தொலைபேசிகளும் இந்த இரண்டாம் வகைத் திரையையே கொண்டிருக்கின்றன. 2008இல் இருந்த முதன்மையான வேறுபாடு மறைந்துவிட்டது. எஞ்சியிருப்பவை, படக்கருவியின் நுட்பம், நுண்செயலியின் வேகம், உடலமைப்பின் உறுதி, நீர் புகாமை, மென்பொருளைப் புதுப்பிக்கும் காலம் ஆகியவை. இவை பொய்யான சிறப்புகள் அல்ல. படப்பிடிப்பைத் தொழிலாகக் கொண்டவருக்கு அவை முதலீடேயாகும். ஆனால் பாடக்குறிப்பைப் படிக்கவும், கல்வி அமைச்சின் ‘இ-தக்சலாவ’ தளத்தைப் பார்க்கவும், ஆசிரியரின் வகுப்பை வட்சப்பிலும் சூமிலும் கேட்கவும் வேண்டிய மாணவனுக்கு அவற்றுள் எத்தனை பயன்படும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி விலையைக் கருதுவோம். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாயாகவும், 2024இல் 1350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த 1350 ரூபாயையே அளவுகோலாகக் கொள்வோம். ஒரு தொலைபேசியின் விலை 40,000 ரூபாயெனின், அது ஏறக்குறைய 30 நாள் உழைப்பு. மற்றொன்றின் விலை 3 இலட்சமெனின், அது 222 நாள் உழைப்பு. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், ஏறத்தாழ ஒன்பது மாதம் அரிசியும் மாவும் வாங்காமல் உழைத்தாலன்றி அத்தொகை சேராது. ஊழியர் சேமலாப நிதிக்கான கழிவை இக்கணக்கில் நான் சேர்க்கவில்லை.

விலை நம் கையில் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். 2022இன் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. 200 டொலர்ப் பொருளொன்று, வரி நீங்கலாகவே, 40,000 ரூபாயிலிருந்து 72,000 ரூபாயாயிற்று. 2024 ஜனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி கைத்தொலைபேசிகளுக்கும் உரியதாயிற்று. உயர்விலைக் கருவி உடைந்தால் அதன் உதிரிப்பாகமும் இவ்வாறே கடல் கடந்து வரவேண்டும். வாங்கும் விலையோடு செலவு முடிவதில்லை.

“அப்படியாயின், பழைய ஐபோன் ஒன்றை வாங்கலாமே” என்பார் உளர். அவர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஒருகாலத்தில் உயர்ந்ததாயிருந்த ஐபோன் 6இல், 2025 மே முதல் வட்சப் இயங்காது. மென்பொருள் புதுப்பித்தல் நின்றபின், எத்துணை அழகிய கருவியும் படிப்படியாகப் பயன் இழக்கும். மாறாக, 2024இல் வெளிவந்த சாம்சங் கலக்சி ஏ16 என்னும் விலை குறைந்த தொலைபேசிக்கு ஆறாண்டுக் காலம் பாதுகாப்புப் புதுப்பித்தல் தருவதாக அதன் நிறுவனம் அறிவித்தது. ஆகவே கடைக்காரரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி, “இதற்கு எந்த ஆண்டு வரை புதுப்பித்தல் உண்டு?” என்பதாகும்.

இரண்டாவது மின்கலம். பொல்பிட்டியவில் 1969 முதல் நீர்மின் நிலையம் இயங்குகிறது. நம் மலைகளின் நீரே நாட்டுக்கு ஒளி தருகிறது. இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, நாமும் இருளிலேயே இருந்தோம். 5000 மில்லி அம்பியர் மணி கொள்ளளவுடைய மின்கலம் இன்று மலிவான தொலைபேசிகளிலேயே சாதாரணமாகக் கிடைக்கிறது.

மூன்றாவது வானொலி. மலிவான தொலைபேசிகள் பலவற்றில் பண்பலை வானொலி ஏற்பி உண்டு. காதுக்கருவியின் கம்பியே அதற்கு அலைவாங்கியாகும். இணையமும் வேண்டாம், காசும் வேண்டாம். ஐபோனில் இவ்வசதி இல்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியினால் மலைநாட்டில் மண்சரிவுகள் நேர்ந்ததை நாம் கண்டோம். தொலைத்தொடர்புக் கோபுரம் செயலிழந்த வேளையிலும் அபாய அறிவித்தலைக் கேட்கச்செய்யும் கருவி எவ்வளவு மலிவானதாயினும் மதிப்புடையதேயாகும்.

நான்காவது தமிழ். கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவது ஒருகாலத்தில் அரிதாயிருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் ‘செல்லினம்’ என்னும் செயலியைத் தந்து வழிதிறந்தார். இன்று மலிவான கருவியிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. மொழியின் பொருட்டு எவரும் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

ஐந்தாவது பதிவு. ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் 15 இலக்க அடையாள எண் ஒன்று உண்டு. அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டிருத்தல் வேண்டும் என்னும் விதி 2025 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. காசு கொடுக்குமுன் கருவியில் *#06# என அழுத்தி எண்ணைப் பெறுக. ஐ.எம்.ஈ.ஐ. என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அவ்வெண்ணையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், பதிவு உண்டா இல்லையா என்பது தெரியும்.

தவணைக்கு வாங்குவோர் ஒரு கூட்டற் கணக்கைச் செய்யவேண்டும். முற்பணத்தையும், மாதத் தவணையை மாதங்களின் எண்ணிக்கையாற் பெருக்கிய தொகையையும் கூட்டி, கைக்காசு விலையோடு ஒப்பிடுக. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே, பொறுத்திருக்க முடியாமைக்கு நாம் கொடுக்கும் விலை.

அந்தத் தாயிடம் நான் தீர்ப்பு எதுவும் கூறவில்லை. மகனை அழைத்து, ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, இக்கணக்கை அவனையே செய்யச் சொன்னேன். 222 என்னும் எண்ணை எழுதியபின் அவன் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “வகுப்பில் எல்லாரும் சிரிப்பார்கள், சேர்” என்றான். அதுவே உண்மையான காரணம் என்பதை அப்போது அறிந்தேன். அச்சிரிப்பு பொய்யென்று நான் அவனிடம் சொல்லவில்லை. இளம் பருவத்தில் அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலிக்காக அவன் தாய் ஒன்பது மாதம் மலையேற வேண்டுமா என்பதை அவனே எண்ணிப் பார்க்கும்படி விட்டேன். அடுத்த வாரம் 38,000 ரூபாய்க் கருவியொன்றோடு வந்தான். முகத்தில் பெரிய மகிழ்ச்சி இருந்ததென்று கூறமாட்டேன். தாயின் காதில் தோடு இருந்தது.

நேயர்களே, பிள்ளைக்கு நல்லதை வாங்கவேண்டும் என்னும் ஆசை குற்றமன்று. ஆனால் நல்லது எது என்பதை விளம்பரம் தீர்மானிக்க நாம் இடந்தரலாகாது. தேவையை முதலில் எழுதுங்கள். வருவாயை அதனருகே எழுதுங்கள். அதன்பின் கடைக்குச் செல்லுங்கள். அந்தக் கணக்கைப் பிள்ளையோடு சேர்ந்து செய்வீர்களாயின், தொலைபேசி வருமுன்னரே அவன் ஒரு நல்ல பாடத்தைக் கற்றவனாவான்.