ஆற்றுப் புறம்போக்கும் பொதுப் பூங்காவும்

சாத்தூர் தாலுகா இருக்கன்குடியில், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் இரு புறமும் சூழ, மாரியம்மன் கோயில் அமைந்திருக்கிறது. ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பெருந்திரளான ஜனங்கள் அங்கே கூடுகின்றனர். அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதும் குழந்தைகள் ஓடி விளையாடுவதும் ஆற்று மணலிலேதான். பூங்கா என்று பெயரிடாமலே கரிசல் சீமையார் ஆற்றைப் பூங்காவாக அனுபவித்து வந்திருக்கின்றனர். மணலுக்கு நிழல்தான் இல்லை.

ஜப்பான் தேசத்து நாட்டுப்புறங்களில் இதனை ஒரு முறையாகவே செய்திருக்கின்றனர். இரு கரைகளுக்கும் நடுவே, நீரோடும் பள்ளத்தை ஒட்டிச் சற்று உயர்ந்த சமதளம் விடப்படுகிறது. பெருவெள்ளம் வருங்கால் பரவிச் செல்வதற்கான இடம் அது. ஏனைய நாட்களில் அதில் புல்தரையும் நடைபாதையும் விளையாட்டிடமும் உண்டு. நீரோட்டத்தை மறிக்கும் கட்டடங்களுக்கு அங்கே இடமில்லை. வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிவிட்டு மீண்டும் புல் வளர்ப்பர். 1896ஆம் ஆண்டு முதல் அங்கு ஆற்றுச் சட்டம் உண்டு. 1997இல் அதைத் திருத்தி, ஆற்றின் சூழலைக் காப்பதையும் அதன் நோக்கங்களுள் சேர்த்தனர். அப்படியிருந்தும் 2019 அக்டோபர் புயலில் நாகானோவில் சிக்குமா ஆறு கரையை உடைத்து ஆப்பிள் தோட்டங்களைப் பாழாக்கியது. இத்தனை இடம் விட்ட தேசத்துக்கே அந்தக் கதியானால், ஆற்றை நெருக்கும் ஊரின் கதி யாது?

விருதுநகர் ஜில்லாவில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. மற்ற மாதங்களில் வறண்டு கிடப்பதால் ஆறு தரிசு போலத் தோன்றுகிறது. சீமைக்கருவேல் புகுகிறது, அதன்பின் வேலியும் புகுகிறது. வரப்பை ஒரு முழம் தள்ளி வைக்கும் மிராசுதாருக்கு அது இலாபமாகத் தோன்றலாம். வழியிழந்த வெள்ளம் பருத்திக்காட்டின் மீதுதான் ஏறும்.

கிராம நிர்வாக அலுவலர் முதற்கண் சர்வே கற்களைப் பார்த்து எல்லையை உறுதி செய்தல் வேண்டும். கருவேலை வேரோடு களைந்தபின், நீர்வளத் துறையாரின் அனுமதி பெற்று, நீரோட்டம் தடைப்படாத மேட்டு ஓரத்தில் மருது, புங்கு, நாவல் நடலாம். மருதுக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்றே பெயர். அர்ச்சுனா நதிக்கரைக்கு அதனினும் பொருத்தமான மரம் வேறில்லை. சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளின் பட்டாசு, தீப்பெட்டிச் சாலைகளில் வாரமெல்லாம் உழைப்போர் ஞாயிறன்று குடும்பத்துடன் அமர அந்நிழல் உதவும். புரட்டாசிக்குள் குழியெடுத்து, ஐப்பசி மழையோடு கன்று நட்டு, முதல் இரண்டு கோடைகளுக்கு ஆடுமாடு அண்டாமல் முள் அடைத்து, குடநீர் ஊற்றி வரவேண்டும்.