எண்ணெய்க்கு முன் நீர்: துப்பாக்கிக் குழலில் உப்பும் துருவும்

இரும்பைக் காப்பது எண்ணெய் என்பது நம் இல்லங்களில் வழிவழியாக வரும் அறிவு. அரிவாளையும் மண்வெட்டியையும் துடைத்து எண்ணெய் பூசி வைக்கிறோம், அவை துருப்பிடிப்பதில்லை. ஆயினும், போர்க்காலத்தில் செய்யப்பெற்ற பழைய தோட்டாக்களைச் சுட்டபின் துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் மட்டும் பூசி வைத்தால், ஓரிரு நாள்களிலேயே அதன் உட்புறம் துருவேறத் தொடங்கும். எண்ணெய் இருந்தும் துரு ஏறுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

ஜொகூர் மண்ணுக்கு இப்பொருள் அயலானதன்று. 1886ஆம் ஆண்டில் சுல்தான் அபு பாக்கார் இம்மாநிலத்துக்கெனத் தனிப்படை ஒன்றை நிறுவினார். அப்படை இன்றும் உள்ளது. 1942 சனவரியில் மூவார், பக்ரி, பாரிட் சூலோங் ஆகிய இடங்களில் சப்பானியரை எதிர்த்துப் போரிட்ட 45ஆம் இந்தியக் காலாட்படைப் பிரிவின் வீரர்கள் ஏந்தியது லீ என்ஃபீல்டு என்னும் .303 அங்குல ரைபிள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளுக்குள் சென்ற படையினரும் அதன் குறுகிய வடிவம் ஒன்றைப் பயன்படுத்தினர். சுட்ட துப்பாக்கியைத் தூய்மை செய்வது அவ்வீரர்களுக்கு உயிர்காக்கும் கடமையாக இருந்தது. குழலின் உள்ளே வெட்டப்பட்டுள்ள சுருள் பள்ளங்களே குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. அப்பள்ளங்களைத் துரு அரித்துவிட்டால் குறி தவறும்.

துருவுக்கான காரணம் தோட்டாவின் அடியிலேயே இருக்கிறது. அடிப்பகுதியின் நடுவே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி தாக்கியதும் அதிலுள்ள கலவை தீப்பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்தை எரியச் செய்யும். பழைய தோட்டாக்களில் இக்கலவையின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று பொட்டாசியம் குளோரேட்டு. தீக்குச்சியின் தலையிலும் இப்பொருள் உண்டு. அது எரியும்போது தன்னிடமுள்ள உயிர்வளியை வெளியிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக மாறுகிறது. நாம் உண்ணும் உப்பாகிய சோடியம் குளோரைடுக்கு இது நெருங்கிய உறவு. ஆகவே, ஒவ்வொரு முறை சுடும்போதும் குழலின் உட்புறத்தில் நுண்ணிய உப்புப் படலம் ஒன்று படிகிறது.

உலர்ந்த உப்பு இரும்புக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. ஈரம் சேரும்போதே தீங்கு தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 விழுக்காட்டைக் கடந்தால், பொட்டாசியம் குளோரைடு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். ஜொகூரிலோ இரவிலும் விடியற்காலையிலும் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. மழைக்காலத்தில் நம் அடுக்களை உப்பு கசிந்து நிற்பதும் இதனை ஒத்த நிகழ்வே. கரைந்த உப்பு மின்னோட்டத்துக்கு வழிவிடுவதால் துருப்பிடித்தல் விரைவடைகிறது. பாலைநிலத்தில் பல நாள் பொறுத்திருக்கும் அதே குழல், இங்கு ஒரே இரவில் கெட்டுவிடக்கூடும்.

இனி எண்ணெய்க்கு வருவோம். உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் பூசும்போது உப்பு அகலுவதில்லை. எண்ணெய்ப் படலத்தின் அடியில் மறைந்து நிற்கிறது. அம்மெல்லிய படலத்தை ஈரம் மெல்லக் கடந்து உப்பை அடைகிறது. இவ்வுண்மை எளிதில் புலப்படவில்லை. வெடிமருந்தின் புகையே குழலைக் கெடுக்கிறது என்று பலர் நெடுங்காலம் கருதினர். 1922ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுரங்கத்துறைப் பணியகம் வெளியிட்ட ஆய்வு, குற்றவாளி அவ்வுப்பே என்பதைத் தெளிவுபடுத்தியது. அதன் பின்னர் உப்பைத் தோற்றுவிக்காத கலவைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. எனினும், போர்களுக்குப் பின் எஞ்சிய பழைய தோட்டாக்கள் உலகின் பல நாடுகளில் மலிவாக விற்கப்பட்டதால், இச்சிக்கல் முற்றிலும் மறையவில்லை.

காரணம் தெரிந்தால் முறையும் தானே விளங்கும். முதலில், துப்பாக்கியில் தோட்டா எதுவும் இல்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். அடுத்து, புனல் கொண்டு குழலின் பின்புறத்திலிருந்து கொதிநீர் ஊற்றப்படும். பிரித்தானியப் படையில் இதுவே வழக்கம். கொதிநீர் உப்பை விரைந்து கரைக்கும். குழலையும் சூடாக்குவதால் எஞ்சிய ஈரம் விரைவில் ஆவியாகும். பின்னர், ஒரு முனையில் பித்தளை எடை கட்டிய கயிற்றில் துணித்துண்டைக் கோத்து, குழல் வழியே இழுத்து நன்கு உலர்த்துவர். இறுதியாகவே எண்ணெய். அக்காலத்தில் ரங்கூன் எண்ணெய் என வழங்கிய கனிம எண்ணெயைப் படையினர் பயன்படுத்தினர். புகை தொட்ட பிற உறுப்புகளையும் இவ்வாறே கழுவி உலர்த்தி, ஓரிரு நாள் கழித்து மீண்டும் பார்ப்பது நன்று.

அம்மோனியா கலந்த நீர்மம் அவ்வுப்பைச் செயலிழக்கச் செய்யும் என்று சிலர் கூறுவர். இக்கருத்து பொருந்தாது. பொட்டாசியம் குளோரைடு அமிலமன்று. ஆகவே அதனை நடுநிலையாக்குதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்நீர்மத்தில் பயன் விளைந்தால், அது அதிலுள்ள நீரால் விளைந்த பயனே.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் குற்றம். போர்க்காலத் தோட்டாவை எங்கேனும் கண்டால், மாணவர்கள் அதனைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும். இவ்வுரையின் கருத்தை ஆய்ந்து பார்க்கத் துப்பாக்கியும் தேவையில்லை. பூச்சில்லாத இரும்பு ஆணிகள் இரண்டை உப்புநீரில் தோய்த்து உலரவிடுக. ஒன்றுக்கு அப்படியே எண்ணெயை மெல்லியதாகப் பூசுக. மற்றொன்றை வெந்நீரில் கழுவி, உலர்த்தி, அதன்பின் அதே எண்ணெயைப் பூசுக. இரண்டையும் ஈரத்துணி இட்ட மூடிய புட்டியில், துணியில் படாதவாறு தொங்கவிட்டு, ஒரு வாரம் நாள்தோறும் நோக்கிக் குறித்து வருக. எந்த ஆணி முதலில் துருவேறுகிறது, ஏன் என்பதை மாணவர்களே தம் சொற்களில் எழுதட்டும். பயனில் ஒத்த இரு செயல்கள் வரிசை மாறினால் என்ன நேரும் என்பதை அக்குறிப்பே அவர்களுக்கு உணர்த்தும்.