தாதியர் எழுத்தில் மூலம் சுட்டுதல்

ஈச்சிலம்பற்று போன்ற பின்தங்கிய பிரதேசங்களின் தாதியரும் பணியிலிருந்தவாறே பட்டம் பெற இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வழிசெய்துள்ளது. கற்கையுடன் கட்டுரை எழுதும் கடமையும் சேர்ந்தே வருகின்றது. பிறர் கருத்தை மூலம் சுட்டாது எடுத்தாள்வது எழுத்துத் திருட்டாகும். சொற்களை மாற்றினும் குற்றம் நீங்காது. சொற்களையே எடுப்பின் மேற்கோட்குறியும் இடல் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மேற்கோளுக்கு மூலத்தைக் குறிப்பிடுமாறு பணிக்கின்றது.

தொல்காப்பியர் முன்னைப் புலவரைச் சுட்டியே இலக்கணம் உரைத்தார். ஹதீஸ் அறிஞர் அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்தே ஏற்றனர். ஆகவே, இவ்வொழுக்கம் நமக்குப் புதிதன்று.

மூலமின்றிப் பிரதிசெய்யப்பட்ட மருந்தளவு பிழையாயின் அதனைச் சரிபார்ப்பது அரிது; பாதிக்கப்படுபவர் நோயாளியே. குறிப்பெடுக்கும்போதே நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றைப் பதிந்துகொள்ளுமாறு தாதியரை வேண்டுகின்றோம்.